எட்டில் ஒரு பங்கு

உறுதியில் இப்படி எழுதியிருக்கிறது:
வடக்கெல்லை வேலியும் ஒழுங்கையும்,
உள்நின்ற பனை மூன்று, மா ஒன்று,
கிணற்றில் எட்டில் ஒரு பங்கு,
வழிவாய்க்கால் உரிமை உட்பட.

நீர்வேலியில் அந்த வேலிக்கு
பத்தொன்பது வருசம் வழக்கு நடந்தது.
ஒரு முழம் என்றார் குலவீரசிங்கத்தார்,
அரை முழம் என்றார் தேவசகாயம்.
இரவில் பிடுங்கிய கதியால் விடியமுன் வேறிடத்தில் துளிர்த்தது.
கீழே சுண்ணாம்புக்கல் முழுக்க ஓட்டை.
எந்தக் கோட்டுக்கும் கட்டுப்படாமல்
தண்ணீர்
இரண்டு வளவுக்கும் போய்வந்துகொண்டிருந்தது.

நான் போத்தில்களோடு போகிறவள்.
நீலப் பெட்டியில் ஐஸ், அழியாத பேனை,
ஒவ்வொரு போத்திலுக்குள்ளும் சில சொட்டு அமிலம்.
வாளியை மூன்று தரம் அலம்பி, நாலாந்தரம் அள்ளி,
மூடியில் இலக்கம் எழுதுவேன்.
பெயர் எழுதக் கூடாது என்பது விதி.
ஆனாலும் எனக்குப் பதினேழு என்றால் நிரோஜினி.

ஒழுங்கைத் தலைப்பில் தகரப் படலை.
அதற்குப் பின்னால் விக்கினராசாவின் பட்டடை.
லொறிப் பற்றறிகளைக் கோடாலியால் பிளந்து
ஈயத்தை உருக்கி வார்ப்பார்கள்.
புளித்த அமிலத்துக்கு மூலையில் ஒரு கிடங்கு,
அதை நிரம்பி ஒருநாளும் கண்டதில்லையாம்.
நிரம்பாத கிடங்கு எங்கே போகிறது என்று
ஒருவரும் கேட்கவில்லை.
ஆறு பேருக்குச் சம்பளம்,
பூங்காவனத்துக்கு உபயம்.
நானும் கேட்கவில்லை,
அந்தப் பட்டடையில்தான்
என் மோட்டார் சைக்கிளின் பழைய பற்றறியைக் கொடுத்து
எண்ணூறு ரூபா வாங்கினேன்.

ரிப்போட் வந்தது.
லீற்றருக்குப் பத்து மைக்ரோகிராம் என்பது எல்லை.
பதினேழாம் போத்தில்: எழுபத்திரண்டு.
நிறமில்லை, மணமில்லை, உவரும் இல்லை.
இந்த ஒழுங்கையில் தேத்தண்ணிக்கென்றே
ஆட்கள் குடத்தோடு வந்த கிணறு.
எட்டுப் பங்காளிகளுக்கும்
உறுதி முடிக்காமல், முத்திரை ஒட்டாமல்
ஈயம் சரிசமமாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறது.

செவ்வாயும் வெள்ளியும் பவுசர் வரும் என்கிறார்கள்.
வருகிற நாளில்
குலவீரசிங்கத்தாரின் மகனும் தேவசகாயத்தின் பெறாமகளும்
வரிசையில் முன்னும் பின்னும்.
யாருடைய கான் முந்தி வைத்தது என்று
இன்னும் கதை முடியவில்லை.

நிரோஜினி கதிரை இழுத்துப் போட்டாள்.
மகன் டினோஜன் நிலத்தில் படுத்தபடி
ஒரே எழுத்தை நாலு தரம் பிழையாக எழுதி அழித்தான்.
"வயித்துக்குத்து எண்டு அழுகிறான் அக்கா,
படிப்பிலயும் மனம் நிக்குதில்லை.
ஆனா தண்ணியில நான் வலு கவனம்,
கொதிச்சாறினது தவிர குடுக்கிறேல்லை.
நல்லாக் கொதிக்கட்டும் எண்டு
இன்னும் பத்து நிமிசம் கூட விடுவன்."

கையில் ரிப்போட்.
எப்படிச் சொல்ல,
கிருமி சாகும், ஈயம் சாகாது என்று.
கேத்தில் மூக்கால் எழும்பிப் போனது தண்ணீர் மட்டுந்தான் என்று.
ஒவ்வொரு பத்து நிமிசமும்
அவளுடைய கவனம்
மிச்சத்தைத் தடிப்பாக்கியது என்று.

சொன்னேன்.
பாதி சொல்லும்போதே அடுப்பை அணைத்தாள்.
எனக்கென்று ஊற்றிய தேத்தண்ணியை
என் கைக்கு எட்டாமல் நகர்த்தி வைத்தாள்.
பிறகு கேத்திலைத் தூக்கிக்கொண்டு
பின்வாசலில் நின்றாள்.
வாழைக்கடி, பாத்தி, வாய்க்கால், கிணற்றடி,
ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"அப்ப இதை எங்க அக்கா ஊத்திறது?"

எங்கள் பயிற்சியில்
அள்ளத்தான் சொல்லித் தந்தார்கள்.